கடுக்காய்ப்பட்டுப் பாதைக்கு முள் விழுந்தது பற்றி

சங்கராபுரம்
24-1-2021

அன்புள்ள மகன் அஜித்துக்கு,

அப்பா எழுதுவது. ஜெர்மனிக் குளிரில் நீ நோய்நொடி இல்லாமல் இருக்கிறாய் என்று உன் அம்மா சொன்னாள், சந்தோஷம். இங்கே நாங்களும் உடம்பளவில் சுகம். மற்றபடி சுகமா என்று நீ கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை, இப்போது சொல்கிறேன். போனில் சொல்லக்கூடாதா என்று நினைப்பாய். போனில் நான் நாலு வார்த்தை சூடாகப் பேசினால் சிக்னல் இல்லை என்று வைத்துவிடுகிறாய். கடிதத்துக்கு அந்த வசதி கிடையாது, உட்கார்ந்து முழுவதையும் படி.

முதலில் வீட்டு விஷயம். தை பிறந்த பிறகும் மழை விடவில்லை. பொங்கலை ஒட்டிப் பிடித்த மழையில் கிழக்குக் கொல்லையில் உளுந்து செடியிலேயே முளைத்துப் போனது. மரவள்ளி மேட்டு நிலம் என்பதால் தப்பித்தது. உன் அக்கா ரம்யா பண்டிகைக்குத் திருநாவலூரிலிருந்து சந்தோஷமாக வந்தாள், அழுதுகொண்டு போனாள். உன் மாமன் வீரமுத்து இந்த வருடம் உன் அம்மாவுக்குப் பொங்கல் சீர் கொண்டுவரவில்லை. கல்யாணமான நாளிலிருந்து தம்பி கொண்டுவரும் கரும்பும் மஞ்சள் கொத்தும் இல்லாமல் அவள் பானை ஏற்றியது இதுதான் முதல் தடவை. அதற்குக் காரணம் நான் என்று முடிவு செய்துவிட்டாள், சோறு போடும்போது மட்டும் இன்னும் வேணுமா என்று கேட்கிறாள், வேறு பேச்சு கிடையாது. காரணம் நான் இல்லை. காரணம் உன் மாமன், அவனுக்கு அடுத்தபடியாக நீ. இதை அவளிடம் சொன்னால் தம்பியையும் பிள்ளையையும் ஒரே வாயால் திட்டுகிறேன் என்பாள், அதனால் சொல்லவில்லை.

மலையடிவாரத்திலிருந்து கடுக்காய்ப்பட்டுக்கு ஏறும் பாதையை நீயும் உன் கூட்டாளி செழியனும் கண்டுபிடித்தீர்கள் என்று உங்கள் சைக்கிள் கிளப்பில் எல்லோரும் பெருமையாகச் சொல்வார்கள். கண்டுபிடிக்க அது தொலைந்து போயிருக்கவில்லை. அந்த ஊர் ஜனம் புளியும் கடுக்காயும் தலையில் வைத்துக்கொண்டு சந்தைக்கு இறங்கும் ஒற்றையடிப் பாதை அது. அதில் சைக்கிள் விட்டுக்கொள்கிறோம் என்று நீங்கள் இருவரும் போய்க் கேட்டபோது பெரிய மனிதர் ஒருத்தராவது கூட வரட்டும் என்று என்னையும் அழைத்துக்கொண்டு போனீர்கள். ஊர்க்கவுண்டர் வேடியப்பன் என்ன சொன்னார் என்று உனக்கு மறந்திருக்கலாம், எனக்கு மறக்கவில்லை. மழை அரித்தால் நீங்களும் வந்து சரி பண்ண வேண்டும் என்றார். எந்தக் கொடியும் அந்தப் பாதையில் மேலே வரக்கூடாது என்றார், கட்சிக் கொடி, சாதிக் கொடி, அவர்கள் கோயில் கொடிகூட. ஒரு தேர்தலில் இரண்டு கொடி மேலே ஏறி அந்தச் சின்ன ஊர் இரண்டாகப் பிரிந்து, மறுபடி ஒரு பந்தியில் உட்கார வருடக்கணக்கானதாம். சரி என்று அவர் கையில் கையை வைத்து முதலில் வாக்குக் கொடுத்தவன் நீ. உனக்குப் பிறகு செழியன்.

நீ விமானம் ஏறிய பிறகு அந்த வாக்கைச் சுமந்தவன் செழியன்தான். ஞாயிற்றுக்கிழமை என்றால் உண்ணிச்செடியை வெட்ட வேண்டும், மழைத்தண்ணீர் பாதையை அறுக்காமல் குறுக்கே கல் பதித்து ஓரமாகத் திருப்பிவிட வேண்டும், அருவிக்கு வருகிறவர்கள் எறிந்த பாட்டில்களை மூட்டை கட்டி இறக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் சைக்கிளில் ஏறலாம் என்று சட்டம் வைத்து நடத்தினான். நான் அந்த வயதுக்கு மீறிய சைக்கிளில் ஏறவில்லை, மண்வெட்டி பிடித்தேன். அவனைப் பற்றி எனக்கும் குறை உண்டு. ஊரில் மற்றவர்கள் ஐயா என்று கூப்பிடும்போது அவன் மட்டும் என்னை சார் என்பான், கல் வைத்தது கோணல் என்றால் என்னையே எடுக்கச் சொல்வான். ஆனால் வேலைக்காரன். உன் மாமன் கிளப்புக்கு எப்படித் தலைவரானான் என்பது உனக்கே தெரியும். எல்லோருக்கும் பனியன் அடித்துக் கொடுத்தான், முதுகில் தன் உரக்கடைப் பெயரைப் போட்டுக்கொண்டான். தலைவரான நாளிலிருந்து ஒரு ஞாயிறுகூட மண்வெட்டியைத் தொட்டதில்லை, போட்டோ எடுக்கும் நேரம் மட்டும் தவறாமல் வந்து நடுவில் நிற்பான். உன் பெயரைக்கூட அவன்தான் வைத்தான், என்னைக் கேட்காமல். அதை நான் இன்னும் மறக்கவில்லை, அது வேறு விஷயம்.

இப்போது நம் சாதியின் ஒதுக்கீட்டுப் போராட்டம் திரும்பவும் சூடாகியிருக்கிறது, நீயும் அங்கிருந்தே பார்த்துக்கொண்டிருப்பாய். அதைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். எண்பத்தேழில் இதே கோரிக்கைக்காக மரத்தை வெட்டிப் போட்டு ரோட்டை மறித்த அந்த வாரத்தில் காலேஜ் முதல் வருடம் படித்துக்கொண்டிருந்த நான் மறியலில் உட்கார்ந்து இடது மணிக்கட்டில் லத்தி அடி வாங்கினேன், மழைக்காலத்தில் இன்றைக்கும் அந்தக் கையால் வாளி தூக்க முடியாது. உன் மாமன் அப்போது பாண்டிச்சேரியில் பத்திரமாக இருந்தான், ஊர் அடங்கிய பிறகு வந்து சேர்ந்தான். என்னோடு அடி வாங்காதவர்களெல்லாம் வேலைக்குப் போனார்கள், எம்.ஏ. முடித்த நான் மரவள்ளி போடுகிறேன். அப்படியிருந்தும் நம் ஆட்கள் கேட்பது நியாயம் என்றுதான் இன்றும் சொல்வேன். கேட்கிற இடத்தில் கேட்க வேண்டும், நம் பெயரில் கேட்க வேண்டும். அடுத்தவன் சட்டையைப் போட்டுக்கொண்டு கேட்கக்கூடாது.

உன் மாமன் அதைத்தான் செய்தான். கள்ளக்குறிச்சியில் மனுக்கொடுக்கும் போராட்டத்துக்கு சைக்கிள் பேரணி விடுகிறேன் என்று கட்சி மேலிடத்தில் ஒப்புக்கொண்டு, கிளப்பில் இருக்கிற நம் பையன்களை மட்டும் தனியாகக் கூப்பிட்டு, கிளப் பனியனையே போட்டுக்கொண்டு வரச் சொல்லி, கைப்பிடியில் கொடி கட்டி ஓட்டிக்கொண்டு போனான். அந்தப் பனியன் காலனிப் பையன்களுக்கும் உண்டு, மலைப் பிள்ளைகளுக்கும் உண்டு, பிரேக் கட்டை மாற்றித் தரும் சைக்கிள் கடை பாயின் மகனுக்கும் உண்டு. ஒருத்தரையும் கேட்கவில்லை. என்னையும் கேட்கவில்லை, டீக்கடையில் அடுத்தவன் சொல்லி எனக்குத் தெரிகிறது. மனுவைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குத் திரும்பியிருந்தாலாவது பாதி மானம் மிஞ்சியிருக்கும். பையன்களுக்கு உற்சாகம் தாங்கவில்லை, தலைவருக்கு வீடியோ ஆசை தாங்கவில்லை, பறக்கும் கேமராவை வாடகைக்குப் பிடித்துக்கொண்டு கொடியோடு கடுக்காய்ப்பட்டுக்கே ஏறிவிட்டார்கள். வேடியப்பன் ஊர் எல்லையில் நின்று பார்த்திருக்கிறார். மூச்சு வாங்கி நின்றவர்களுக்குக் குடத்தில் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி, குடித்து முடித்து இறங்கும் வரைக்கும் காத்திருந்து, அதற்குப் பிறகு ஆட்களை விட்டு அடிவாரத்தில் முள்ளை வெட்டிப் பாதைக்குக் குறுக்கே போட்டுவிட்டார்.

நான் நேராக உரக்கடைக்குப் போனேன். வியாபார நேரம், ஆட்கள் நின்றிருந்தார்கள், இருக்கட்டும் என்றுதான் கேட்டேன். வாக்குக் கொடுத்த பாதையில் யாரைக் கேட்டுக் கொடி ஏற்றினாய் என்றேன். அவன் சிரித்துக்கொண்டே, "இன்னா மாமா, எண்பத்தேழுல நீ வாங்கின அடிய இப்ப என்கிட்ட திருப்பிக் குடுக்கலாம்னு வந்துக்கினயா" என்றான். மூட்டை தூக்குகிறவன்கூடச் சிரித்தான். உன் பிள்ளையே பாராட்டிவிட்டான், உனக்கு என்ன வந்தது என்றும் சொன்னான். பொய் சொல்கிறான் என்று நினைத்து, இனிமேல் என் வீட்டு வாசல் மிதிக்காதே என்று சொல்லிவிட்டு வந்தேன். அதுதான் சீர் வராத கதை.

மறுநாள் வெள்ளிமலை பஸ்ஸில் ஏறி சுற்று வழியாக வேடியப்பனைப் போய்ப் பார்த்தேன். மரியாதையாகத்தான் பேசினார். என் கையில் கையை வைத்தது இரண்டு பிள்ளைகள், ஒருத்தன் சீமையில் இருக்கிறான், இன்னொருத்தன் வாக்குத் தவறவில்லை, அவன் வந்து கேட்டால் முள்ளை எடுக்கிறேன், வேறு யாரும் கேட்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார். கிளப்பைத் தொடங்கிய உன் பெயரைச் சொல்லிப் பார்த்தேன். அவர் வெற்றிலையை மடித்துக்கொண்டே இருந்தார்.

ஆகவே செழியனைத் தேடிக் காலனிக்குப் போனேன். அவன் டூவீலர் ஷோரூம் வேலை முடிந்து அப்போதுதான் வந்திருந்தான். அவன் அம்மா காசியம்மாள் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள், ஆனால் முகம் கொடுக்கவில்லை. தெருவில் அவனைப் படுத்துகிற பாட்டை அவள்தான் சொன்னாள். "இன்னாடா, உன் பனியனப் போட்டுக்கினு அவங்கெல்லாம் ஊர்வலம் போறாங்க, நீ போவலயா, கூப்டலயான்னு எளவட்டப் பசங்க நிக்க வெச்சிக் கேக்கறாங்க. எம்புள்ள அந்தப் பனியன அடுப்புல போட்டுட்டான்" என்றாள். அவன் அவளை உள்ளே போகச் சொன்னான். நான் பாதை விஷயத்தைச் சொல்லி ஒரு தடவை வந்து கேள் என்றேன். அவன் போனை எடுத்து என் முன்னால் நீட்டினான். கொடியும் பனியனுமாக அந்தப் போட்டோ, அதற்குக் கீழே உன் பெயர், செம மாஸ், மலை நம்மளுது, அதை அடுத்து நெருப்புப் படங்கள். கிளப்பில் இருக்கிற எல்லோரும் படிக்கிற இடத்தில் போட்டிருக்கிறாய். எல்லோருக்கும் முன்னால் முதல் ஆளாகப் போட்டிருக்கிறாய்.

உனக்காக நான் பேசினேன், அதையும் தெரிந்துகொள். தூர தேசத்தில் இருக்கிறான், ஊர்க்காரர்களைப் பார்த்த சந்தோஷத்தில் யோசிக்காமல் போட்டிருப்பான், கொடியைக் கவனித்திருக்க மாட்டான் என்றேன். செழியன் கோபப்படவில்லை, கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "உங்க மச்சான் செஞ்சதுக்கு நான் ஒண்ணும் வருத்தப்படல சார், அவரு யாருன்னு தெரியும். கொடிய கவனிக்கலன்னே வெச்சிக்குங்க. அத்தினி பேர்ல நான் இல்லன்னாவது அவனுக்குத் தெரிஞ்சிருக்கணும் இல்ல" என்றான். இதற்கு உன்னிடம் பதில் இருந்தால் எழுது.

பாதையைத் திறக்கச் சொல்லிக் கேட்க அவன் வரவில்லை. தப்புப் பண்ணினவர்கள் சும்மா இருக்க நான் எதற்கு சார் போய்க் கெஞ்ச வேண்டும் என்றான். நியாயம்தான்.

இதெல்லாம் பொங்கலுக்கு முன்னால். மழை விட்ட பிறகு போன ஞாயிறு மனசு கேட்காமல் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு அடிவாரத்துக்குப் போனேன். கீழிருந்து பார்த்தாலே தெரிந்தது, பாதை நடுவில் ஆள் இறங்கும் ஆழத்துக்கு வாய்க்கால் விழுந்திருந்தது. தலைச்சுமையோடு யாரும் இறங்க முடியாது. முள்ளுக்கு அந்தப் பக்கம் வேடியப்பனும் அவர் ஊர் ஆட்களும் கல் பதித்துக்கொண்டிருந்தார்கள், நடுவில் முழங்கால் வரை சேற்றோடு செழியன். கிளப்புக்காக வரவில்லை, ஊர் ஜனம் இறங்குகிற வழிக்காக வந்திருக்கிறான். என்னைப் பார்த்து வேடியப்பன் ஒரு முள் கிளையை விலக்கினார். "மம்பட்டியோட வந்தா வாங்க, சைக்கிளுக்குத்தான் முள்ளு" என்றார். உச்சி வெயில் வரை வேலை செய்தோம். நான் வைத்த கல் ஒன்று கோணல் என்று செழியன் எடுத்து வைக்கச் சொன்னான், எடுத்து வைத்தேன். கிளம்பும்போது, வர்ற வாரம் கடப்பாரையும் எடுத்துக்கினு வாங்க சார் என்றான். இன்று கொண்டுபோனேன். கிளப் சாமான் அத்தனையும் இருக்கும் நம் மாட்டுக்கொட்டகைச் சாவியையும் அவனிடம் கொடுத்துவிட்டேன், உன் மாமன் கேட்டால் அவனிடம் போய் வாங்கிக்கொள்ளட்டும்.

நீ போன நாளிலிருந்து என்னைப் பார்த்ததும் செழியன் முதலில் கேட்பது, அஜித் போன் பண்ணானா சார் என்பதுதான். வணக்கம்கூட அதற்குப் பிறகுதான். இரண்டு ஞாயிறு பக்கத்தில் நின்று வேலை செய்துவிட்டேன், அவன் கேட்கவில்லை. நானாகச் சொல்லலாம் என்று வாய் வரை வந்தது, சொல்லவில்லை. எனக்கு இத்தனை கோபம் எதனால் என்று உன் அம்மா கேட்கிறாள். இதனால்தான்.

புது சைக்கிள் வாங்கியிருக்கிறாயாம், நல்லது. அங்கே காட்டுக்குள் ஓட்டும்போது அது யார் நடக்கிற பாதை என்று கேட்டுவிட்டு ஓட்டு. பனியில் வழுக்கும், ஹெல்மெட் இல்லாமல் போகாதே. வேளைக்குச் சாப்பிடு, தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு போனைப் பார்க்காதே. மாமன் உன்னைக் கூப்பிட்டு என்னைப் பற்றி ஏதாவது சொன்னால் கேட்டுக்கொள், பதில் சொல்லாதே, அவனை நான் பார்த்துக்கொள்கிறேன். எங்கே இருந்தாலும் நீ தலை நிமிர்ந்து நடக்க வேண்டும், அதற்கு என் ஆசீர்வாதமும் உன் அம்மாவின் ஆசீர்வாதமும் எப்போதும் உண்டு, கோபத்தில் இருக்கும்போதும் உண்டு.

ஒன்றை மறக்காதே. கிளப் வாட்ஸ்அப் குழுவில் மன்னிப்பு என்று அழகாக எழுதிப் போட்டுவிடாதே. உன் எண்ணிலிருந்து வருகிற போனையும் செழியன் எடுக்க மாட்டான், அடைத்து வைத்திருக்கிறான். உன் கையால் அவனுக்குக் கடிதம் எழுது. நம் வீட்டுக்கு அனுப்பி என்னைக் கொடுக்கச் சொல்லாதே, நான் கொடுக்க மாட்டேன். நம் வீட்டில் எத்தனை நாள் சாப்பிட்டவன், அவன் வீட்டு முகவரி உனக்குத் தெரியாது, தேடிப் போகும்வரை எனக்கும் தெரியாது. போஸ்ட்மேன் சரியாகச் சேர்க்க வேண்டும் என்பதற்காகக் காசியம்மாளிடமே கேட்டு எழுதிக்கொண்டேன். செழியன், த/பெ பச்சமுத்து, பம்பு ரூம் எதிர் வீடு, காலனி, சங்கராபுரம்.

இப்படிக்கு
உன் அப்பா
கோ. சுப்புராயன்