சீனித் தண்ணீர்

1991 மார்ச் 4
ஆராய்ச்சிப் பிராணிகளைப் பராமரிக்கும் எங்கள் பல்கலைக்கழக அனிமல் ஹவுஸில் எனக்குப் புது வேலை. ஆராய்ச்சி மாணவி சற்குணத்துக்கு நாற்பது எலி. மனச்சோர்வு எப்படி வருகிறது என்று பார்க்கப்போகிறாளாம். அடி கிடையாது, ஊசி கிடையாது. ஒரு நாள் கூண்டைச் சாய்த்து வைக்க வேண்டும், ஒரு நாள் மரத்தூளை நனைக்க வேண்டும், ஒரு நாள் விடிய விடிய விளக்கு. எப்போது எது வரும் என்று எலிக்குத் தெரியக் கூடாது. இங்கே சேர்ந்த பன்னிரண்டு வருஷத்தில் இவ்வளவு லேசான வேலை பார்த்ததில்லை.

தீவிலிருந்து கரைக்கு வரும் ஃபெரி தாமதம். பாகான் டாலாமில் வீடு வந்து சேர ஏழு மணி. சோறு ஆறிக் கிடந்தது. மனைவி டோரதியிடம் கத்தினேன். வாயே திறக்கவில்லை, அதற்கும் கத்தினேன்.

மார்ச் 19
கூண்டுக்கு இரண்டு போத்தல். ஒன்றில் சீனித் தண்ணீர், ஒன்றில் வெறும் தண்ணீர். நல்ல எலி சீனியைத்தான் தேடும். இன்று போத்தல்களை இடம் மாற்ற மறந்துவிட்டேன். சற்குணம் கோபப்படவில்லை. "மாத்தி வைக்கணும் அண்ணே. பழக்கத்துல குடிக்கிறது வேற, பிடிச்சுக் குடிக்கிறது வேறலா."

ஏப்ரல் 2
ஏழாம் கூண்டு எலிக்கு இப்போது எந்தப் போத்தலும் ஒன்றுதான்.

ஈஸ்டருக்கு வந்திருந்த கொழுந்தியாள் லீனா, அக்கா ஏன் இப்படி ஆகிவிட்டாள் என்று கேட்டாள். எப்படி ஆகிவிட்டாளாம்? சாப்பிடுகிறாள், கோயிலுக்கு வருகிறாள். நான் குடிப்பதில்லை, இதுவரை கை நீட்டியதில்லை. என்ன குறை?

ஏப்ரல் 14
நேற்று உப்பைத் தவறுதலாகச் சீனி டப்பாவில் கொட்டியது நான்தான். காலையில் டோரதி தேநீர் போட்டாள். ஒரு வாய் குடித்ததுமே துப்பினேன். அவள் எதிரில் உட்கார்ந்து கோப்பை முழுவதும் குடித்தாள்.

"உப்பு தெரியலயா உனக்கு?"

"தெரியுது."

"அப்புறம் ஏன் குடிச்ச?"

"குடிக்கிற நேரம்தானே."

ஏப்ரல் 15
எலிகளுக்கு என்றைக்கு என்ன தொந்தரவு என்று எழுதிய கூண்டுப் பட்டியலைப் பார்த்துக்கொண்டே நின்றேன். திங்கள் இது, செவ்வாய் அது. நான் எந்த முகத்தோடு வீட்டுக்குள் வருவேன் என்று அவளுக்கு என்றைக்குத் தெரிந்தது? ஒரு நாள் சோறு ஆறியதற்கு, ஒரு நாள் கதவு திறக்க நேரமானதற்கு, ஒரு நாள் ஒன்றுமே இல்லாததற்கு. கை நீட்டியதில்லையாம் — பெரிய பெருமை. பாவி நான்.

ஏப்ரல் 20
டோரதியை டாக்டரிடம் கூட்டிப் போனேன், மாத்திரை கொடுத்தார். நேற்றே சற்குணத்திடம், எலிக்காகக் கேட்பது போல, இதெல்லாம் தேறுமா என்று கேட்டிருந்தேன். தொந்தரவை நிறுத்திவிட்டால் சில வாரத்தில் சிலது தேறும் என்றாள்.

டோரதியைப் புக்கிட் மெர்தாஜாமில் லீனா வீட்டில் விட்டுவிட்டேன். நீங்களும் ரெண்டு நாள் இருங்கள் என்றாள் லீனா. பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று வந்துவிட்டேன்.

மே 6
டோரதிக்குக் கடிதம் எழுதினேன். கிழித்துப் போட்டேன்.

மே 24
ஆராய்ச்சி முடிந்தது. தேறியது, தேறாதது, நாற்பதையும் கொன்றாகிவிட்டது. கூண்டுகளைக் கழுவிக் கவிழ்த்தேன்.

லீனா ஆபீசுக்குப் போன் செய்தாள். "அத்தான், தேத்தண்ணில சீனி பத்தலன்னு அக்கா இன்னிக்கு என்னைத் திட்டிட்டா." சிரித்தாள். நானும் சிரித்தேன். பேசுகிறீர்களா, பக்கத்தில்தான் இருக்கிறாள் என்றாள். வேண்டாம் என்றேன். எப்போது திரும்பி வருவாள் என்றும் கேட்கவில்லை.