பெட்டிக்குக் கேட்டுவிடும் என்று விழித்திருந்த அக்கா

குறட்டைக்கும் வெட்கப்பட்ட என் ஆசை அக்காவுக்கு,

உன் ஆண்டு நினைவு வருகிறது. வழமைபோல உன் படத்தைப் பேப்பரில் போட அத்தான் ஆயத்தப்படுத்தினார். நான்தான் மறித்தேன். இந்த முறை படம் மட்டும் போதாது, நான் எழுதித் தருகிறேன் என்றேன். உன்னோடு எனக்குக் கொஞ்சம் சண்டை பிடிக்க வேண்டியிருக்கிறது.

மயூரியைப் பற்றித்தான். உன் மகள் இப்போது இங்கே லண்டனில், ஸ்ட்ரெதத்தில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்கிறாள். உன் மூக்கு, உன் பிடிவாதம், உன் நித்திரை, எல்லாம் அப்படியே. பஸ்ஸில் ஏறினால் தூங்கிப்போய், இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறாள். போன மாதம் கடைக்கு வந்த ஒருவரோடு கதைத்துக்கொண்டிருக்கும்போதே கண் சொருகிவிட்டதாம்.

ஒருநாள் என் வீட்டில் படுத்தாள். குறட்டை. பிறகு ஒரு சத்தமும் இல்லை. பிறகு, தண்ணீருக்குள் இருந்து தலையைத் தூக்கியவள் மாதிரி ஒரு இழுப்பு. அந்த இழுப்பு எனக்குப் புதிதா? உன்னோடு ஒரே கட்டிலில் படுத்து வளர்ந்தவளல்லவா நான்!

அடுத்த நாளே டொக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். இரவு வீட்டில் மாட்டிக்கொண்டு படுக்கச் சொல்லி ஆஸ்பத்திரியில் ஒரு பெட்டி கொடுத்துவிட்டார்கள். நித்திரையில் மூச்சு நிற்கிறதா, இரத்தத்தில் ஒட்சிசன் குறைகிறதா என்று பார்க்க அன்று உனக்குத் தந்த அதே பெட்டிதான், இப்போது சின்னதாகிவிட்டது. அதை வாங்கிக்கொண்டு போனவள் அலுமாரிக்கு மேலே வைத்துவிட்டு, தொட்டும் பார்க்கவில்லை.

உன்னுடையது ஒரு சூட்கேஸ் அளவு இருந்தது, நினைவிருக்கிறதா? விரலில் மாட்ட சிவப்பு வெளிச்சத்தோடு ஒரு கிளிப். குறட்டையைப் பதிவு செய்யத் தொண்டையில் ஒட்ட ஒரு குட்டி மைக். ஆஸ்பத்திரியில் அதைத் தந்தது எங்கள் தமிழ்ப் பொடியன் என்று முதலில் எவ்வளவு சந்தோஷப்பட்டாய்! ஆங்கிலத்தில் தடுமாறத் தேவையில்லை என்றாய். மறுநாள் காலை போன் எடுத்தபோது கதை வேறாக இருந்தது.

"வெள்ளிக்கிழமையிலை கோயிலிலை எனக்கு விபூதித் தட்டு நீட்டுற பொடியனடி அவன். அவன் இருந்து என்ர குறட்டையைக் கேக்கிறதோ? வெள்ளைக்காரன் எண்டாலும் பரவாயில்லை."

"அப்ப என்ன செய்தனீ?"

"நித்திரையே கொள்ளேல்லை. தனிய இருந்தால் கண் மூடிப்போடும் எண்டு, படுத்திருந்த பிள்ளையை எழுப்பி வைச்சு விடியுமட்டும் கடதாசிச் சீட்டு விளையாடினன்."

"உனக்கென்ன விசரோ?" என்று கத்தினேன். நீ சிரித்தாய். "பிறகு ஒருக்கா ஒழுங்காச் செய்வன். நீ ஒருத்தருக்கும் மூச்சு விடாதை. என்ர தலையிலை சத்தியம் பண்ணு" என்றாய். பண்ணினேன்.

ஒரு குறையும் இல்லை என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். விழித்திருப்பவளுக்கு என்ன குறை தெரியும்? நீ சொன்ன 'பிறகு' வரவே இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அத்தான் தேத்தண்ணியோடு வந்து எழுப்பினார், நீ எழும்பவில்லை. இதயம் நின்றுவிட்டது என்றார்கள். நித்திரையில் மூச்சு நிற்கிற வருத்தத்தாலா என்று கேட்டேன். உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் டொக்டர். அந்தப் பெட்டி ஒரு இரவாவது உன் மூச்சைக் கேட்டிருந்தால் என்ன நடந்திருக்கும், அக்கா? நான் இதை யாரிடம் கேட்பது?

மயூரியும் உன்னைப் போல வெட்கப்படுகிறாள் என்றுதான் நினைத்தேன். போன கிழமை போய் நல்ல ஏச்சு ஏசினேன். அவள் கட்டிலில் இருந்துகொண்டு கையைப் பிசைந்தாள்.

"வெக்கமில்லை, சின்னம்மா. அந்தக் கிளிப்பைக் கண்டாலே எனக்கு நடுங்குது. அம்மாவின்ர டெஸ்டை நான்தானே ஸ்பொயில் பண்ணினனான்? இரவு முழுக்க அவவைப் படுக்க விடாமல் விளையாடிக்கொண்டிருந்தனான். நான் பேசாமல் படுத்திருந்தால் அம்மா இப்ப இருந்திருப்பா."

அந்த இரவு அவள் சின்னப்பிள்ளை. யார் யாரை எழுப்பியது என்பது அவளுக்கு மறந்துவிட்டது. அம்மா சிரித்துச் சிரித்து விளையாடியது மட்டும் நினைவிருக்கிறது. இத்தனை வருஷமாக, உன்னைக் கொன்றவள் தான்தான் என்று நினைத்துக்கொண்டு எங்களுக்குள்ளே நடமாடியிருக்கிறாள். ஒருவருக்கும் தெரியவில்லை. பெட்டியை மாட்டிக்கொள்ளத் தனக்கு என்ன உரிமை இருக்கிறது என்றுகூடக் கேட்டாள்.

உண்மை வாய் வரைக்கும் வந்தது. உன் தலையில் பண்ணிய சத்தியம் வந்து மறித்தது. "அப்பிடியில்லையடி, பிள்ளை" என்று மட்டும் சொன்னேன். அவள் நம்பவில்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் உன்னைத்தான் திட்டிக்கொண்டு வந்தேன். ஒரு குறட்டைக்குப் பயந்து இப்படி ஒரு பாரத்தைப் பிள்ளையின் தலையில் ஏற்றிவிட்டாயே! தெரிந்திருந்தால் நீயே ஓடிவந்து சொல்லியிருப்பாய், அதுவும் எனக்குத் தெரியும். அதனால்தான் கோபத்தைவிட அழுகை கூடுதலாக வருகிறது.

அந்தக் கோயில் பொடியனும் இதை வாசிப்பான். வாசிக்கட்டும். இப்போது அவனுக்கே தொந்தி வைத்துவிட்டது, பஜனையில் தூங்கி வழிகிறான். உன்னைப்போல வாயைப் பொத்திக்கொண்டு இந்த லண்டனில் இன்னும் எத்தனை பேர் இருக்கிறார்களோ, அவர்களும் வாசிக்கட்டும்.

ஆனால் பேப்பருக்குக் கொடுக்க முதல், இன்று பின்னேரம் மயூரியிடம் கொண்டுபோகிறேன். அவளுக்குத் தமிழ் வாசிக்க வராது. நான்தான் வாசித்துக் காட்ட வேண்டும். "படுத்திருந்த பிள்ளையை எழுப்பி வைச்சு" என்ற இடம் வரும்போது, அவள் எத்தனை தரம் கேட்டாலும் அத்தனை தரமும் வாசிப்பேன். கிளிப்பை அவள் விரலில் நானே மாட்டுவேன். அவள் நித்திரை கொள்ளும்வரை அந்த அறையை விட்டு அசைய மாட்டேன், இது உறுதி.

உன் மானம் கொஞ்சம் போகும், அக்கா. போகட்டும். எனக்கு உன் மகள் வேண்டும்.

உன் தலையில் பண்ணிய சத்தியத்தை மீறுகிற
உன் தங்கச்சி,
சாந்தி
மிட்சம், லண்டன்