சித்தப்பா கொடுத்த ரத்தம்

என் அன்பு யோஸ்ரா,

போனில் பேசினால் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்கிறார். அதனால்தான் எழுதுகிறேன்.

போன மாதம் கிட்னி சோதனையில் அப்பாவின் கிரியேட்டினின் குறைந்துவிட்டது என்று சொன்னேன். நீயும் நிம்மதியாக மார்செய் நகரில் பரீட்சை எழுதினாய். சோதனைக்குக் கொடுத்தது அப்பாவின் ரத்தமே இல்லை. அவர் பெயரைச் சொல்லி உன் மொன்ஜி சித்தப்பா போய்க் கொடுத்திருக்கிறார்.

டாக்டர் நம்பாமல் மறுபடி எடுக்கச் சொன்னபோதுதான் வெளியே வந்தது. சித்தப்பாவைப் பிடித்துக் கேட்டேன்.

"என்ன பண்றது அண்ணி, பொண்ணு படிப்ப விட்டுட்டு ஓடி வந்துடுவான்னு அண்ணன் அழுதாரு. இந்தச் சர்க்கரை உடம்புல கிட்னியாவது நல்லா இருக்கேன்னு கையை நீட்டிட்டேன்" என்றார்.

உண்மையான ரிப்போர்ட் நேற்று வந்தது. அதில் இருப்பதை இங்கே எழுதவில்லை. பேரீச்சம்பழம் கிட்னிக்கு ஆகாதாம், டப்பாவைப் பூட்டி வைத்துவிட்டேன். உன் அப்பா என்னோடு பேசுவதில்லை.

வேறு சிறுநீரகம் வைக்க வேண்டுமாம். என்னுடையது சேராது. சர்க்கரை இருப்பதால் சித்தப்பாவுடையதும் வேண்டாம் என்றுவிட்டார்கள்.

"பிள்ளைங்க யாராவது இருக்காங்களா?" என்று டாக்டர் கேட்டார்.

"யாரும் இல்ல" என்றார் அப்பா.

நான் பக்கத்தில்தான் இருந்தேன். வாயைத் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்து, அவர் தொழுகைக்குக் கிளம்பியதும் இதை எழுத உட்கார்ந்தேன்.

உன் அம்மா