லாரி நின்ற பிறகு

ஆடி மாதம், செவ்வாய்க்கிழமை

எங்கள் கம்பெனி கேமராவை விற்க, நாமக்கல்லில் ஒரு லாரி முதலாளியிடம் போனோம். கேபினுக்குள் டிரைவரைப் பார்த்தபடி வைக்கும் கேமரா. வண்டி நிற்கும்போதும் அது ஓட வேண்டும், டிரைவருக்குத் தெரியக்கூடாது என்றார் முதலாளி. டீசல் திருட்டுப் போகிறதாம். மென்பொருளில் சின்ன மாற்றம்தான். சரி என்று சொல்ல வாயெடுத்தேன்.

கூட வந்த வனிதா முந்திக்கொண்டாள். வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவள்.

“டீசல் போவுதுன்னா டேங்குல சென்சார் வெச்சுக் குடுக்கறோமுங்க. வண்டி ஓடறப்ப கேமரா இருக்கட்டும், அதையும் டிரைவர்கிட்டச் சொல்லிப்போடலாம். நிறுத்திட்டா அது அவரு ஊடுங்க. அங்கதான் துணி மாத்தறாரு, பொண்டாட்டிகிட்டப் பேசறாரு.”

“ரோசனை பண்ணிச் சொல்றேன் சாமி” என்றார் முதலாளி. ஆர்டர் போனால் மேனேஜர் என்னைத்தான் பிடித்துக்கொள்வார். அது கிடக்கட்டும். இத்தனை வருடத்தில் கேபினை ஒருவருடைய வீடாக நான் நினைத்ததே இல்லை.

திரும்பும் வழியில், உன் வீட்டில் யாராவது லாரி ஓட்டுகிறார்களா என்று கேட்டேன்.

“யாருமில்லீங்க” என்றாள். “இருந்தாத்தான் சொல்லோணுமுங்களா?”