எட்டுக் கிலோ ஸ்பிரிங்

மார்ச் 3, செவ்வாய்

காரை விற்கப் போகிறாளாம். என்னிடம் சொல்லவில்லை. பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தபோது காதில் விழுந்தது. "முன்னாடி எட்டு, பின்னாடி ஆறு. காயிலோவர் போட்டு ரெண்டு வருஷம்தான் ஆகுது. இருபத்திரெண்டாம் தேதி வந்து பாருங்க" என்று மருமகள் போனில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் குரலைத் தாழ்த்தினாள்.

என்ன எட்டு? என்ன ஆறு?

மார்ச் 4, புதன்

நூலகத்துக்குப் போய் வந்தோம். பள்ளிக்கூட முனைப் பள்ளத்தில் இன்றும் 'டங்'. இடுப்பில் ஆணி அடித்தாற்போல் இருந்தது. முகத்தில் எதையும் காட்டிக்கொள்ளவில்லை. கான்வென்டில் பத்து வருடம் முதுகு சாயாமல் உட்கார வைத்தார்கள். அது வீண் போகவில்லை. மடித்த துண்டு ஒன்றைக் கைப்பையில் கொண்டுபோய், அவள் கதவைச் சாத்தும் நேரத்தில் இடுப்புக்குப் பின்னால் செருகிக்கொள்கிறேன். அவளுக்குத் தெரியாது.

ஏன் விற்கிறாய் என்று கேட்டேன். "சும்மாதான் அத்தை. முன்ன மாதிரி ஆசை இல்ல" என்றாள்.

நம்பவில்லை. பல் டாக்டர், வாரம் முழுக்க அடுத்தவர் வாய்க்குள் குனிந்து நிற்பவள். மாதத்தில் ஒரு ஞாயிறு ரேஸ் டிராக்குக்குப் போய்விட்டு வந்தால் அவள் நடையே வேறாக இருக்கும். இருந்தது என்று எழுத வேண்டும். சில மாதங்களாக அங்கிருந்தும் வாடித்தான் வருகிறாள்.

சாயங்காலம் மகன் கப்பலிலிருந்து பேசினான். துருவிக் கேட்டதும் கக்கிவிட்டான். "உங்க முதுகுக்காகத்தாம்மா. சாஃப்டா ஒரு கார் வாங்கலாம்கறா. நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க."

என் முதுகுக்காகவா! யார் கேட்டாங்க? நான் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னேனா? அவர் போனபின் இந்த வீட்டுக்கு வந்து ஒரு வருடம் ஆகிறது. இதுவரை யாருடைய ஆசைக்கும் குறுக்கே நின்றதில்லை. என் பேரைச் சொல்லி அந்தக் கார் போகக் கூடாது.

மார்ச் 5, வியாழன்

நேராகவே கேட்டுவிட்டேன். எட்டு என்றால் என்ன?

முதலில் மழுப்பினாள். பிறகு மருந்துச் சீட்டின் பின்புறத்தில் படம் போட ஆரம்பித்தாள். காயிலோவர் என்பது ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாகச் சேர்ந்த ஒரு தூண். சக்கரத்துக்கு ஒன்று. அதன் மரையைத் திருகினால் கார் உயரும், தாழும். எட்டு என்றால், எட்டுக் கிலோ அழுத்தினால் அந்த ஸ்பிரிங் ஒரு மில்லிமீட்டர் இறங்கும். எண் கூடினால் ஸ்பிரிங் கடினம். வளைவில் கார் சாயாமல் இருக்கக் கடினம் வேண்டும். தெருவில் போக மென்மை வேண்டும்.

"ரெண்டுக்கும் ஒரே கார்னா நடுவுல எங்கயாவது நிக்கணும் அத்தை. அந்த இடத்தைக் கண்டுபிடிக்கறதுதான் விளையாட்டே."

பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்ததை இருவருமே கவனிக்கவில்லை. "சரிங்க அத்தை", "ஆகட்டும் அத்தை" தவிர இவ்வளவு பேச்சு அவளிடம் இருந்ததா?

மார்ச் 7, சனி

மருந்து வாங்கப் போனோம். வாங்க வேண்டிய அவசரம் ஒன்றும் இல்லை. கவனிப்பதற்காகப் போனேன்.

பாலத்தின் இணைப்புகளில் ஏறினாலும் பொடிக்கல்லில் போனாலும் உடம்பில் ஒன்றும் தெரியவில்லை, வெண்ணெய் மாதிரி போகிறது. ஆழமான பள்ளத்தில் மட்டும் 'டங்'. ஸ்பிரிங் கடினமாக இருந்தால் சின்ன மேடுகளும் அல்லவா இடிக்க வேண்டும்? பெரியதில் மட்டும் ஏன்?

மார்ச் 8, ஞாயிறு

பஞ்சு மெத்தையில் முழங்கையை ஊன்றிப் பார்த்தேன். தாங்கியது. சோபாவின் பழைய திண்டில் ஊன்றினேன். மெத்தையைவிட அதுதான் மென்மை. ஆனால் முழங்கை அடிப்பலகையில் போய் 'டக்'.

மார்ச் 9, திங்கள்

சஸ்பென்ஷன் பார்ப்பவரிடம் அழைத்துப் போ என்றேன்.

"விக்கற வண்டிக்கு எதுக்கு அத்தை?"

"விக்கறதா இருந்தா பழுது பாத்துதான் விக்கணும். என் பழக்கம் அது."

சனிக்கிழமை போகலாம் என்றாள்.

மார்ச் 14, சனி

நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

பட்டறைக்காரர் வெள்ளை ஷூ போட்டிருந்தார். பட்டறையில் வெள்ளை ஷூ! ஒரு கறை இல்லை. எல்லாம் தெரிந்தவர் போலப் பேசினார். என்னைப் பார்த்ததுமே வைத்தியம் சொல்லிவிட்டார். "அம்மாவுக்கு மூணு கிலோ ஸ்பிரிங் போட்டுடலாம். தொட்டில் மாதிரி ஆட்டும்."

"தொட்டில விட்டு எழுபது வருஷம் ஆச்சுங்க. பெரிய பள்ளத்துல மட்டும் ஏன் இடிக்குது, அத மொதல்ல சொல்லுங்க."

தலையைச் சொறிந்தார். பிறகு ஷாக்கின் தண்டில், வயர்களைக் கட்டும் ஒரு பிளாஸ்டிக் டையைக் கட்டினார். தண்டு எவ்வளவு உள்ளே போகிறதோ, அந்த அளவுக்கு டை மேலே தள்ளப்பட்டு அங்கேயே நிற்குமாம். மருமகளும் நானும் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறித் திரும்பினோம். டை, மேலே இருக்கிற தடுப்பு ரப்பரோடு போய் ஒட்டிக்கொண்டிருந்தது.

"முழுசா இறங்கி ரப்பர்ல மோதுது. அந்தச் சத்தம்தான். ஆனா எட்டுக் கிலோ ஸ்பிரிங்ல, ரெண்டே பேருக்கு, இப்படி ஆகக் கூடாதே" என்றார். மருமகள் தரையைப் பார்த்தாள்.

ஸ்பிரிங்கைக் கழற்றச் சொன்னேன். எண் எழுதிய இடத்தில் பெயின்ட் உரிந்துபோயிருந்தது. எட்டா இல்லையா என்று பார்ப்பதற்கு எண் எதற்கு? ஸ்பிரிங்கின் மேல் ஒரு பலகையை வைத்து அவரை ஏறி நிற்கச் சொன்னேன். வெள்ளை ஷூவோடு ஏறினார். விழாமல் இருக்க ஒரு விரலைச் சுவரில் வைத்துக்கொண்டார். எடை எண்பது என்றார். என் கைப்பையில் எப்போதும் அரையடி ஸ்டீல் ஸ்கேல் இருக்கும். அளந்தேன். எட்டுக் கிலோ ஸ்பிரிங் என்றால் பத்து மில்லிமீட்டர் இறங்க வேண்டும். பதினாறு இறங்கியது.

"ஒண்ணு, நீங்க நூத்தி இருபத்தெட்டு கிலோ. இல்ல, இது அஞ்சு கிலோ ஸ்பிரிங்."

அவர் குனிந்து தன் வயிற்றைப் பார்த்துக்கொண்டார்.

"அஞ்சுதான் அத்தை" என்றாள் மருமகள். "நீங்க வந்த மாசமே மாத்திட்டேன். பழசு டப்பாவுல இருக்கு, விக்கறப்போ திரும்பப் போட்டுக் குடுக்கலாம்னு."

"ஏன் மாத்தின?"

"வந்த அன்னிக்கு வண்டிய விட்டு எறங்கி இடுப்புல கை வெச்சீங்க."

யாரும் பார்க்கவில்லை என்றல்லவா நினைத்திருந்தேன்.

பட்டறைக்காரருக்கு இப்போது எல்லாம் புரிந்துவிட்டது. மென்மையான ஸ்பிரிங்கைப் போட்டவர்கள் உயரத்தை ஏற்றவில்லை. கார் பதுங்கி உட்கார்ந்துவிட்டது. இறங்க இடமே இல்லாததால் பள்ளம் வந்தால் நேரே ரப்பரில் மோதுகிறது. "வளைவுலயும் துள்ளுமே மேடம்?" என்று கேட்டார்.

"துள்ளுது. வண்டி இல்ல, எனக்குத்தான் பயம் வந்துடுச்சு, இனிமே நம்மால முடியாதுன்னு நெனச்சிட்டேன்" என்றாள்.

வீடு திரும்பும் வழியெல்லாம் நான் வந்த அந்த நாளைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அன்று நான் இடுப்பில் கை வைத்தது காரினால் அல்ல. காலையிலிருந்து அவருடைய புத்தகப் பெட்டிகளைத் தூக்கி இறக்கியதால். ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே!

சொல்லியிருப்பேனா?

மார்ச் 15, ஞாயிறு

சாப்பாட்டு மேஜையில் சண்டை. பழைய எட்டையே போடு என்றேன். ஆறு போதும் என்றாள்.

"எட்டு உங்களுக்கு ஆகாது அத்தை."

"எனக்கு எது ஆகும், ஆகாதுன்னு எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சு என்ன பிரயோஜனம்? ஒரு வருஷமா வலிக்குதுன்னு ஒரு வார்த்தை சொன்னீங்களா?"

கத்தினாள். என்னிடம்! தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள். நான் சாப்பிட்டு முடித்தேன். கோபம் வரவில்லை. ஏன் வரவில்லை?

மார்ச் 16, திங்கள்

முன்னால் ஏழு, பின்னால் ஐந்து. உயரம் பதினைந்து மில்லிமீட்டர் கூட. பட்டறைக்காரரின் தீர்ப்பு. இருவரும் ஒப்புக்கொண்டோம்.

மார்ச் 21, சனி

போட்டாகிவிட்டது. பட்டறையிலிருந்து நேரே பள்ளிக்கூட முனைக்குப் போனோம்.

இப்போது தெருவில் இருக்கிற எல்லாம் தெரிகிறது. இணைப்பு, கல், யாரோ தோண்டி மூடிய இடம். பள்ளம் வந்தது. ஒரு தடவை இறங்கி ஒரு தடவை ஏறி, அதோடு சரி. 'டங்' இல்லை. டை, ரப்பருக்கு இரண்டு விரல் முன்பே நின்றிருந்தது.

"வலிச்சுதா?"

"இல்ல."

"அத்தை, நீங்க நெசத்த சொன்னாத்தான் நான் கிளிக் வெக்க முடியும். பல்லு பாக்கறப்போவும் இப்படித்தான் கேப்பேன். வலிச்சுதா?"

"கொஞ்சம்."

இந்தச் சொல்லை நான் வாயால் சொல்லி எத்தனை காலம்! அவள் இறங்கி, ஷாக்கின் தலையில் இருந்த, அதன் இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழை இரண்டு கிளிக் தளர்த்தினாள். திரும்பப் போனோம்.

"இப்ப?"

"எறங்கறப்போ பரவாயில்ல. ஏறி வர்றப்போ ஒரு சின்ன இழுப்பு."

"இடது பக்கமா, வலதா?"

"இடது."

மூன்று தடவை போனோம். பள்ளிக்கூடக் காவலாளி வெளியே வந்து எங்களைச் சந்தேகமாகப் பார்த்தார்.

மார்ச் 22, ஞாயிறு

காரை வாங்க வந்தவரை நான்தான் உள்ளே அழைத்தேன். முன்னால் எட்டுத்தானே என்று கேட்டார். ஏழு, காரணமும் இருக்கிறது என்று விளக்க ஆரம்பித்தேன். அதற்குள் மருமகள் வந்து, "மன்னிச்சுக்குங்க, விக்கலைங்க" என்றாள். டீயைக் குடித்துவிட்டுப் போனார். அவருக்கு விளக்கம் முழுவதும் கிடைக்கவில்லை என்பதுதான் எனக்குக் குறை.

மார்ச் 29, ஞாயிறு

ரேஸ் டிராக்குக்கு நானும் போனேன். வளைவில் கார் துள்ளவில்லை. தடுப்புக் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்றபடியே தெரிந்தது. ஹெல்மெட்டைக் கழற்றியபோது அவள் முகத்தைப் பார்த்தேன். அதைப் பற்றி எழுதப் போவதில்லை.

அவள் தண்ணீர் குடிக்கப் போன சமயத்தில், பின்பக்கக் குமிழை ஒரு கிளிக் இறுக்கினால் இன்னும் நன்றாக இருக்குமே என்று தோன்றியது. இறுக்கினேன்.

"அத்தை! அதத் தொடாதீங்கன்னு எத்தனை தடவ சொல்றது?"

ஊரே திரும்பிப் பார்த்தது. "ஓட்டிப் பாத்துட்டு அப்பறம் கத்து" என்றேன். ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தாள். குமிழைப் பழையபடி திருப்பவில்லை.

கிளம்பும்போது சக்கரத்தில் வழிந்த கிரீஸைத் துடைக்கத் துணி தேடினாள். கைப்பையிலிருந்து அந்தத் துண்டை எடுத்து நீட்டினேன்.

"இது எதுக்கு வெச்சிருந்தீங்கன்னும் தெரியும்" என்றாள். அதை வாங்கி அழுத்தித் துடைத்தாள். அந்தக் கறை இனிமேல் போகாது.