சவுக்குத் தோப்பில் ஒளிந்த ஊர்

அக்கா,

காலையில் ஜன்னலைத் திறந்தால் வீடு முழுக்க டீசல் புகை. நம் வாசலுக்கு நேர் எதிரே இப்போது பஸ் நிறுத்தம். அதைத் தள்ளிவைக்கச் சொல்லி மாடியில் குடியிருப்பவர்கள் மனு எழுதுகிறார்கள். என்னிடமும் கையெழுத்துக் கேட்டார்கள். போட மாட்டேன் என்றேன். ஏன் என்று அவர்களுக்குச் சொல்ல வாய் வரவில்லை. உங்களிடம் சொல்லலாம்.

ஒரே வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டவர்கள் நாம். நீங்கள் மூத்த மருமகள், பல்லாவரத்துப் பெண், டீச்சர் டிரெயினிங் முடித்தவர். சந்தையும் ரயிலும் பார்த்து வளர்ந்தவர் இங்கே வந்து மாட்டிக்கொண்டீர்கள். தாம்பரத்துக்குக் கிழக்கே, ஏரிக்கு அந்தப்புறம் நம் ஊர். காற்று திரும்பினால் ரயில் சத்தம் காதில் விழும். ரயிலடிக்குப் போகத்தான் ஏரிக்கரையை விட்டால் வேறு வழி கிடையாது. மழை பிடித்தால் அதுவும் இல்லை.

தாம்பரத்துப் பள்ளி ஒன்றில் உங்களுக்கு வேலை தருவதாகச் சொன்னார்கள். மாமனார் மறுக்கவில்லை, அதுதான் கொடுமை. "பஸ்ஸு ஊருக்குள்ள வரட்டும்மா, தாராளமா போ. கரை மேல தனியா நடந்து போனா நம்ம வூட்டுக்கு நல்லாவா கீது?" என்றார். ஊர்க்காரர்கள் பஸ் கேட்டு மனு கொடுத்திருந்தார்கள். ஜூன் மாதம் வரை பொறுப்பதாகப் பள்ளியிலும் சொல்லிவிட்டார்கள். இரண்டு காட்டன் புடவைக்குக் கஞ்சி போட்டு மடித்து வைத்தீர்கள்.

அந்த நேரம் பார்த்து ஜனத்தொகைக் கணக்கெடுக்க ஆள் வந்தது. பிள்ளை அதிகம் இருக்கிற வீட்டைக் குறித்துக்கொண்டு போய், ஜீப்பில் வந்து ஆபரேஷனுக்கு அள்ளிப் போவார்கள் என்று ஊரில் ஒரே புரளி. போதாததற்கு, தலையை எண்ணினால் கண் படும் என்ற பயம் வேறு.

"அது வேற, இது வேற அத்தை. எத்தனை பேர் இருக்கோம்னு சும்மா கேக்கறாங்க, அவ்வளவுதான்" என்றீர்கள்.

"உனுக்கு இன்னா தெரியும்? புள்ளைங்கள இட்டுகினு தோப்புக்குப் போ" என்றார் மாமியார்.

போனோம். என் இடுப்பில் கைக்குழந்தை. உங்களைச் சுற்றி ஊர்ப் பிள்ளைகள் பாதி. பின்னாலேயே வயிற்றுப்பிள்ளைக்காரிகளும் வந்து சேர்ந்தார்கள். சத்தம் போடாமல் இருக்கச் சவுக்குக் காய் பொறுக்கும் போட்டி வைத்தீர்கள். திருவிழா கெட்டது போங்கள்! ஊருக்குள் மாமியார், "கிழவன் கிழவி, ரெண்டு பசங்க, அவ்ளோதான்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். ஏறக்குறைய எல்லா வாசலிலும் அதே பதில்தான்.

மே கடைசியில், மனு என்னவாயிற்று என்று கேட்கப் போன மாமனார் துண்டை உதறிக்கொண்டே உள்ளே வந்தார்.

"ஊருல ஜனமே இல்லியாம். இப்ப எடுத்த கணக்கக் காட்டி, பஸ்ஸு யாருக்குன்னு கேக்கறான். அடுத்த வாட்டி எண்ணும்போது சரியா சொல்லிக்கலாம், வுடு."

"அடுத்த வாட்டி எப்போ மாமா?" என்றீர்கள்.

"பத்து வருசம் ஆவும்."

நீங்கள் அழவில்லை. அடுப்படிக்கு வந்து என்னிடம், "நம்மளை நாமே ஒளிச்சு வெச்சுக்கிட்டோம்டி" என்றீர்கள். சிரிக்கத்தான் பார்த்தீர்கள், முடியவில்லை. ஜூனில் அந்தப் பள்ளியில் வேறு ஆளைச் சேர்த்துக்கொண்டார்கள். மடித்த புடவைகள் வீட்டிலேயே கட்டி நைந்தன. எனக்கு அன்று வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை அக்கா. யார் மேல் என்றும் தெரியவில்லை. மாமியார் கெட்டவரில்லை. பயந்தவர், அவ்வளவுதான்.

அடுத்த கணக்கெடுப்பும் முடிந்து, கடைசியில் பஸ் வந்தது. முதல் நாள் மஞ்சள் பூசி, மாலை போட்டு ஊரே ஏறியது. நான் கையைப் பிடித்து இழுத்தேன். "நீ போய்ட்டு வா. எனக்கு இனிமே எங்க போகணும்?" என்றீர்கள். நீங்கள் இருந்தவரை அதில் ஏறவே இல்லை.

போன வருடம் என் மருமகள் தனக்கு வேலை கிடைத்த செய்தியை முதலில் என்னிடம்தான் சொன்னாள். எங்கே, எவ்வளவு தூரம், எப்படிப் போவாய், எதையும் நான் கேட்கவில்லை. எப்போது சேர வேண்டும் என்று மட்டும் கேட்டேன்.