வெந்நீர் வைக்கத் தெரியாதவள்

பேத்தியின் தாத்தாவுக்கு வணக்கம். வேலைக்கு வந்த இடத்தில் நான் நலம். மூட்டுக்குத் தைலம் தேய்க்கிறீர்களா, இல்லை, கேட்க ஆளில்லை என்று சும்மா இருக்கிறீர்களா?

விடுதி அடுக்களையில் அண்டாவைத் திறந்தபோது கையில் லேசாக ஆவி பட்டது. பயப்பட ஒன்றுமில்லை. அதற்குள் பெரிய சமையல்காரன், "பாட்டி, இனிமே அடுப்புப் பக்கம் வராதீங்க. உட்கார்ந்து வெங்காயம் உரிங்க" என்கிறான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"வெந்நீர் வைக்கத் தெரியாதவள்னு என் நாத்தனார் சொன்ன ஒரு சொல்லுலதான் தம்பி இவ்வளவு சமையலும் கத்துக்கிட்டேன். உன் சொல்லுக்கா உட்காருவேன்?" என்றேன். அடுப்பு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. இதை உங்கள் அக்காவுக்கு உரக்கப் படித்துக் காட்டுங்கள். அன்று நீங்களும் கூடச் சிரித்தீர்கள், மறக்கவில்லை.

பாத்திரம் பிடிக்க உங்கள் பழைய வேட்டி ஒன்று அனுப்புங்கள். இங்கே துணி கிடைக்கும், ஆனாலும் அனுப்புங்கள்.

உலை கொதிக்கிறது, முடிக்கிறேன். வேட்டியைத் துவைத்துவிடாதீர்கள்.